நடக்க இயலாத கோழிக்குஞ்சு

(மகளிர் குழுவினர் கூட்டமொன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாட்டைப் பற்றிப் பேசுவதற்கு நம் நாட்டில் மேடைகள் பல உண்டு. புறக்கடையில் மேயும் கோழியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும், அவசரச் செலவொன்று வந்துவிட்டால் சிறு விவசாயியின் வீட்டில் முதலில் கைகொடுப்பது எது? பள்ளிக்கூடத்துக்குக் குறிப்பேடு வாங்கவும், குழந்தைக்கு மருந்து வாங்கவும், விருந்தினர் வந்தால் உபசரிக்கவும் உதவுவது கோழியே. மாடு விற்ற பணம் வேறு கைகளுக்குப் போகலாம். கோழி விற்ற பணம் பெரும்பாலும் வீட்டுத் தலைவியின் முந்தானையில்தான் முடியப்படுகிறது.

அடைக்கோழி ஒன்று 21 நாட்கள் அடைகாத்துப் பத்துக் குஞ்சுகளைப் பொரித்தால், பருந்துக்கும் காகத்துக்கும் கீரிக்கும் தப்பி வளர்பவை சிலவே. அப்படித் தப்பி வளர்ந்த குஞ்சு ஒன்று, ஒரு நாள் காலையில் பஞ்சாரத்தைத் திறந்தவுடன் எழுந்து ஓடாமல் அப்படியே உட்கார்ந்து கிடக்கிறது. கண் விழித்துப் பார்க்கிறது. கால் மட்டும் வரவில்லை. அப்பொழுது என்ன செய்வது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

இத்தகைய குஞ்சைக் கண்டதும் நம்மவர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். "இது தேறாது" என்று உடனே அறுத்துவிடுகின்றனர், அல்லது அடுத்த சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர், கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரையைக் கரைத்து ஊற்றுகின்றனர். இரண்டுமே ஆராயாமல் செய்யும் காரியங்களாகும். நடக்க இயலாமை என்பது ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் பல இருப்பதைப் போலவே, குஞ்சின் கால் விழுவதற்கும் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் சில, இரண்டு மூன்று நாட்களில் தீரக் கூடியவை. சில, எந்த மருந்துக்கும் தீராதவை. இன்னும் சில, ஒரு குஞ்சோடு நில்லாமல் ஊர்க் கோழிகள் அனைத்தையும் வாரிக்கொண்டு போகக் கூடியவை. எது எந்த வகை என்று பிரித்தறிவதே பாதி வைத்தியம்.

முதலில் செய்ய வேண்டுவது

காரணத்தை ஆராய்வதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. குஞ்சை மற்றக் கோழிகளினின்றும் பிரித்துத் தனிப் பஞ்சாரத்திலோ அட்டைப் பெட்டியிலோ வையுங்கள். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. தொற்றுநோயாயின் பிறவற்றுக்குப் பரவுவது குறையும்; எழ முடியாத குஞ்சை மற்றவை கொத்திக் காயப்படுத்துவதும் நின்றுபோகும்.

நடக்க முடியாத குஞ்சு பல சமயங்களில் நோயினால் சாவதில்லை. தாகத்தாலும் பசியாலும் சாகிறது. தண்ணீர்க் கிண்ணம் ஒரு முழம் தள்ளியிருந்தாலும் அதற்கு அது எட்டாத தூரமே. ஆகவே தண்ணீரையும் தீனியையும் அலகுக்கு எட்டும் இடத்தில் ஆழமில்லாத தட்டில் வையுங்கள். தானே குடிக்காவிட்டால் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்தெடுங்கள், மெல்ல விழுங்கும். வாயைப் பிளந்து எண்ணெயோ கஷாயமோ ஊற்ற வேண்டாம். அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அடியில் வைக்கோலோ உலர்ந்த சாக்கோ விரித்து, ஈரமானதும் மாற்றுங்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் உடல் புண்ணாகும். ஆதலால் நாளில் சில முறை மறுபக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். நான்கு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சாயின் இரவில் வெப்பமும் தேவை.

கேள்வியும் சோதனையும்

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். குஞ்சுக்கு வாய் இல்லை. அதற்காக நீங்கள்தாம் பதில் சொல்ல வேண்டும். குஞ்சுக்கு எத்தனை வாரம் வயது? கால் திடீரென விழுந்ததா, சிறிது சிறிதாகத் தளர்ந்ததா? ஒரு குஞ்சுக்கு மட்டுமா, பலவற்றுக்குமா? என்ன தீனி போடுகிறீர்கள்? தடுப்பு மருந்து கொடுத்தாயிற்றா? எச்சம் என்ன நிறம்? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் மருத்துவரின் வேலை பெரும்பாலும் எளிதாகிவிடும்.

பின்னர்க் குஞ்சைக் கையில் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மார்பெலும்பைத் தடவினால் சதை இருக்கிறதா, கத்தி விளிம்பு போல் கூர்மையாகத் தட்டுப்படுகிறதா? அலகு உறுதியாக உள்ளதா, வளைகிறதா? உள்ளங்காலில் முள்ளோ வீக்கமோ உண்டா? விரல்கள் விரிந்திருக்கின்றனவா, உள்நோக்கிச் சுருண்டிருக்கின்றனவா? செதிலுள்ள காலும் இறகுள்ள தொடையும் சேருகின்ற கணுமூட்டு வீங்கியுள்ளதா? இறக்கையின் அடியில் இறகை விலக்கிப் பார்த்தால் உண்ணி தென்படுகிறதா? இவற்றைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டுவதில்லை; கண்ணும் விரலும் போதும்.

அடியும் வழுக்கலும்

மிக எளிய காரணத்தை முதலில் தேடுங்கள். தலைமயிரோ நூலோ காலில் சுற்றி இறுகிக் கிடப்பதுண்டு. வீக்கத்தினுள் அது புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறு கத்தரிக்கோலால் அதை வெட்டியெடுத்துக் காயத்தைக் கழுவினால், உரிய நேரத்தில் செய்தவரையில் கால் பிழைத்துக்கொள்ளும். செதிலுள்ள காலின் எலும்பு முறிந்திருந்தால், பஞ்சு சுற்றி, மூங்கில் சிம்பு வைத்து, இறுக்கமின்றிக் கட்டுங்கள். இளங்குஞ்சின் எலும்பு இரண்டு மூன்று வாரங்களில் கூடிவிடும். கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்துபோனாலோ உடனே கட்டைத் தளர்த்த வேண்டும்.

பொரித்த சில நாட்களுக்குள் இரு கால்களும் இரு பக்கமும் அகன்று, குஞ்சு தவளையைப் போல் கிடக்குமாயின், காரணம் பெரும்பாலும் வழுக்கும் தரையே. செய்தித்தாள், தகரம், வழவழப்பான சிமெண்டுத் தரை ஆகியவற்றின்மேல் குஞ்சுகளை விட்டால் கால் ஊன்றிப் பழகுவதில்லை. சொரசொரப்பான சாக்கை விரித்து, மெல்லிய துணிப்பட்டையால் இரண்டு கால்களையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் இணைத்துக் கட்டிவிடுங்கள். பெரும்பாலான குஞ்சுகள் சில நாட்களிலேயே நேராக நிற்கும். முதல் வாரத்துக்குள் செய்தால்தான் இது பலிக்கும். எலும்பு முற்றிய பிறகு பயனில்லை.

தீனிக் குறைவினால் வருபவை

இரண்டு மூன்று வாரக் குஞ்சு ஒன்று தெளிவாக இருக்கிறது. தீனியைக் கண்டால் ஆவலோடு கொத்துகிறது. ஆனால் கணுமூட்டின் மேல் உட்கார்ந்து தவழ்கிறது. கால் விரல்கள், மூடிய கையைப் போல் உள்நோக்கிச் சுருண்டுள்ளன. இது ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமின் குறைவினால் வருவது. வெறும் குருணையையே தின்று, அடைபட்டு வளரும் குஞ்சுகளில் இதைக் காணலாம். இதற்கு வேண்டிய மருந்தின் அளவு எவ்வளவு தெரியுமா? குஞ்சொன்றுக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! தொடக்கத்திலேயே இரண்டு நாட்கள் கொடுத்து, தீனியையும் திருத்தினால் குஞ்சு எழுந்து நடக்கும். பல நாள் சுருண்டு கிடந்த விரல்களோ நிமிர்வதில்லை. அதற்குள் நரம்பு கெட்டுவிடுகிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தின் அளவைச் சொல்லுவார்கள். இந்த வைட்டமின் வெளிச்சத்தில் அழியக் கூடியது. ஆதலால் மருந்துப் புட்டியை வெயில் படாமல் வையுங்கள்.

தலை பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்த்தபடி குஞ்சு விழுந்து கிடந்தால், தயாமின் என்னும் பி1 வைட்டமின் குறைவு என்று ஐயுற வேண்டும். இதற்கு ஒரு சிறந்த வரலாறு உண்டு. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவாவின் பட்டேவியா நகரில், இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. பின்னர் எக்காரணமுமின்றித் தாமே தேறின. விசாரித்ததில், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை அவை தின்றுவந்தன என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டதால் தீட்டாத அரிசிக்கு மாற்றப்பட்டன என்பதும் தெரியவந்தன. நோயைத் தீர்த்தது தவிட்டிலுள்ள சத்து! வைட்டமின்களை உலகம் அறிவதற்கு வழிகாட்டிய இந்த ஆராய்ச்சிக்காக எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசின் ஒரு பங்கு வழங்கப்பட்டது. நம் வீட்டில் தவிட்டை மாட்டுக்கும் வெறுங்குருணையைக் குஞ்சுக்கும் போடுகையில் இந்தக் கதையை நினைவுகொள்ளுங்கள்.

மூன்றாவது, எலும்பு வன்மை இழப்பது. வெயில் படாத இருட்டுக் கொட்டகையில் அடைத்து வளர்த்த குஞ்சுகளின் அலகு இரப்பரைப் போல வளையும். கால் எலும்பு கோணும். சூரிய ஒளி தோலில் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து உடலில் சேரும். காலை வெயிலில் விடுவதும், டி வைட்டமினும் சிறிது கிளிஞ்சல் தூளும் கொடுப்பதும் இதற்குப் பரிகாரம். அளவு மீறினாலும் தீங்குதான். முட்டையிடும் கோழிக்கான தீனியில் சுண்ணாம்புச் சத்து, குஞ்சுத் தீனியில் உள்ளதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருக்கும். அதைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும்.

இம்மூன்றுக்கும் தடுப்பு முறை ஒன்றே. குருணையோடு தவிடும், கம்பு, சோளம் முதலிய தானியமும், நறுக்கிய முருங்கைக்கீரையும், மோரும், கிடைத்தபொழுது கரையானும் கொடுங்கள். தாய்க்கோழியோடு மண்ணைக் கிளறி மேயும் குஞ்சுக்கு இக்குறைகள் அரிதாகவே வருகின்றன.

உண்ணியும் இரத்தக் கழிச்சலும்

கோழி உண்ணியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்த உண்ணி பகலில் கூண்டின் மரச்சந்திலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். அதன் இளம் பருவத்தவை குஞ்சின் தோலிலேயே பல நாட்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உண்ணியின் நஞ்சினாலேயே கால் வீழ்வதுண்டு. உண்ணி பரப்பும் கிருமியினால் காய்ச்சலும் பச்சைக் கழிச்சலும் கால் தளர்ச்சியும் உண்டாவதும் உண்டு. உண்ணிகளை அகற்றினால் முன்னது தீரும்; பின்னதற்கு மருத்துவர் போடும் பெனிசிலின் ஊசி நல்ல பலன் தரும். கூண்டின் சந்துகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்காவிடில் எந்த வைத்தியமும் நிலைக்காது.

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இரத்தம் கலந்து கழிந்தால், அது காக்சிடியோசிஸ் என்னும் இரத்தக் கழிச்சல். கால் விழுவதுபோல் தோன்றினும் உண்மையில் அது சோர்வே. ஆம்புரோலியம் என்னும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் குணமாகும். ஆனால் இம்மருந்து தயாமினுக்கு எதிரானது. ஆகவே மருந்து கொடுக்கும் நாட்களில் வைட்டமின் பி1 சேர்க்காமல், முடிந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

தீராத நோய்கள் இரண்டு

விடைக்கோழிப் பருவத்தில், ஏறத்தாழ ஆறு வாரம் முதல் ஆறு மாதத்துக்குள், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீண்டு, பறவை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கிறதா? தீனி தின்றும் மார்பு வற்றுகிறதா? இது பெரும்பாலும் மாரெக் நோய். 1907ஆம் ஆண்டில் இதனை முதலில் விவரித்த ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக்கின் பெயரால் வழங்குகிறது. இதனை உண்டாக்கும் வைரஸ் நரம்புகளைத் தாக்குகிறது. இறகுத் தூளோடு காற்றில் பரவி, கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது. மருந்து கிடையாது. பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசியே காப்பு. பொரிப்பகத்துக் குஞ்சு வாங்குவோர், "மாரெக் ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டே வாங்குங்கள்.

இரண்டாவது, வெள்ளைக் கழிச்சல் என்று நீங்கள் வழங்கும் இராணிக்கெட் நோய். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்து மலையூராகிய இராணிக்கெட்டில், 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் வந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரின் பெயரால் இதையே குறிப்பிடுவர். வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், காலும் இறக்கையும் வீழ்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இன்று ஒன்று, நாளை ஐந்து, அதற்கு மறுநாள் பஞ்சாரமே காலி என்றாகிவிடும். வந்த பின் தீர்க்க மருந்தில்லை. வெங்காயமும் மஞ்சளும் அரைத்து வைப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் அவை இந்த வைரஸை ஒழிக்கும் என்று நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

தடுப்பு முறை எளிது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே ஓர் ஊசி. மருந்தைக் குளிர் மாறாமல் கொண்டுவர வேண்டும். கலக்கிய 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். நலமாயுள்ள பறவைக்கே போட வேண்டும். நோய் வந்த பின் போடுவது வீண். நம் மாநிலத்தில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பு மருந்தைத் தயாரித்து வருகிறது. பெயர் ஒத்திருந்தாலும் நோயின் இராணிக்கெட் வேறு, மருந்தின் இராணிப்பேட்டை வேறு! பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஊர்தோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை எவரும் தவறவிடலாகாது. வெயில் ஏறுமுன் இம்முகாம் நடப்பதற்குக் காரணம், கோடையில் இந்நோய் மிகுவதே.

மூன்று நாள் கணக்கு

இனி, எவ்வளவு காலம் முயல்வது என்ற கேள்வி எழும். குஞ்சு தின்றுகொண்டு, கண் தெளிவாக, எச்சம் ஒழுங்காக இருக்குமாயின் மூன்று நாட்கள் பாருங்கள். மூன்றாம் நாள் சிறிதாவது காலூன்ற முயன்றால் தொடர்ந்து காப்பாற்றுங்கள். ஒரு வாரத்துக்குப் பின்னும் ஒரு காலை முன்நீட்டி, வற்றிக்கொண்டே போகும் விடைக்கோழியை வைத்திருப்பது அதற்கும் துன்பம், பிறவற்றுக்கும் ஆபத்து. மருத்துவரைக் கலந்துகொண்டு, துன்பமின்றி அதன் உயிரை முடிப்பதே கருணை. ஒரே சமயத்தில் பல கோழிகள் படுத்தாலோ, திடீரெனப் பல செத்தாலோ ஒரு நாள்கூடக் காத்திராதீர்கள். 2006ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது முதல், இத்தகைய சாவுகளை உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிப்பது ஊருக்கே செய்யும் கடமையாகிவிட்டது. செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். ஏரியிலும் குப்பைமேட்டிலும் எறியாதீர்கள். அதிகாரிகள் சொல்லும்வரை தொடாமல் வைத்திருந்து, பிறகு ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நோயுற்ற கோழியைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். அங்கே நீங்கள் விற்பது ஒரு கோழியை மட்டுமன்று. உங்கள் கொட்டகையின் நோயையும் சேர்த்தே விற்கிறீர்கள். அதை வாங்கிச் செல்பவர் அடுத்த ஊரில் உங்களைப் போன்ற ஒரு தாயாகத்தான் இருப்பார். அவருடைய பஞ்சாரத்தில் பத்துக் குஞ்சுகள் இருக்கும். அடுத்த சந்தையில் அவ்வூர்க் கோழியோடு அந்த நோயே உங்கள் ஊருக்குத் திரும்பி வரவும் கூடும். நூறு ரூபாயை இன்று இழந்தாலும் ஊரின் கோழிச் செல்வத்தைக் காப்பது பெரிது.

குழுவிலுள்ள ஒவ்வொருவரும் வீடு திரும்பியதும் தம் குஞ்சுகள் பொரித்த நாளையும், தடுப்பு மருந்து கொடுத்த நாளையும் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள். கால் விழுந்த குஞ்சைக் கண்டால் பதறாமல், பிரித்து வைத்து, தண்ணீர் கொடுத்து, விரலையும் மூட்டையும் இறக்கையடியையும் பாருங்கள். அந்தச் சில நிமிடங்களில், காப்பாற்றக் கூடிய உயிர் எது என்பது உங்களுக்கே விளங்கும்.